மாற்றியவர்: றிஸ்வி

12/10 ஞாயிறு

விடிந்ததிலிருந்து மப்பு. மழை வரும், வரும் என்று போக்குக் காட்டிக் கடைசியில் வரவேயில்லை. அட்டாளைச்சேனையில் கண் முகாம். எனக்குப் பதிவு மேசை.

கொண்டுபோனவை: லெப்டொப், பிரிண்டர், அச்சடித்த பெயர்ப்பட்டியல் 3 பிரதி, மனைவி சபீனா கட்டித்தந்த முட்டை ரொட்டி. மறந்தவை: சார்ஜர், குடை.

முகாம் நன்றாக நடந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வெளியூர் டொக்டர்மார் மூன்று பேரும் நேரத்துக்கு வந்தார்கள். எண்பது பேரைத்தான் பார்க்க முடியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பட்டியலிலும் சரியாக எண்பது. நாலு மணிக்கு அவர்களுடைய வான் கிளம்பிவிட்டது.

பத்தரைக்கு இறக்காமத்திலிருந்து ஒரு வான் வந்தது. பதினேழு பேர். பட்டியலில் அந்த ஊருக்கு ஒரே ஒரு பெயர், முகைதீன் பாவா. மற்றப் பதினாறு பேருக்கும் பெயர் இல்லை என்று சொன்னது நான். தனித்தனியாக, பதினாறு தரம். பத்தாவது ஆளோடு வாய் பழகிவிட்டது.

ஒரு பொம்பிளை மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. சுலைஹா உம்மா. வலது கண்ணில் முழுக்க வெள்ளை, இடதில் நிழல் மட்டும் தெரியுமாம். மூன்று கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவர்.

"நல்லாப் பாருங்க மகன். சுபைர்ர கடையிலதான் பதிஞ்ச. அவர் கொம்பியூட்டர்ல டக்கு டக்கெண்டு அடிச்ச சத்தம் நான் பக்கத்துல நிண்டு கேட்ட."

"பதியல்ல உம்மா. பதிஞ்சிருந்தா இஞ்ச வந்திரிக்கும். கொம்பியூட்டர் பொய் சொல்லாது."

இதைச் சொன்னதும் நானே. எழுதி வைக்கிறேன்.

சத்தம் கேட்டு ஹாஜியார் வந்தார். லத்தீப் ஹாஜியார், எங்கள் கண் நிலையத்தின் தலைவர். "இறக்காமத்துக்குப் பொறுப்பு ஆரு?" ஜெனிற்றா (இனி ஜெ.). ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பது அவளுடைய வேலை. கல்முனைத் தமிழ்ப் பிள்ளைதான், மெதடிஸ்ட் கோயில் பக்கம் வீடு. இரண்டு வருஷமாக எங்களோடு.

"எனக்குத் தெரியிற லிஸ்ட்டில ஒராள்தான் ஹாஜியார். குறையுதே எண்டு போன மாசமே கேட்டன்."

"ஆருட்ட கேட்ட?"

ஜெ. என்னைப் பார்த்தாள். நான் பிரிண்டரைப் பார்த்தேன். பிரிண்டரில் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.


13/10 திங்கள்

நல்ல மழை. ஒபிஸ் படிக்கட்டில் தண்ணீர். பதினொரு மணி வரை கரண்ட் இல்லை. அது வராமலே இருந்திருக்கலாம்.

பார்த்துவிட்டேன். பிழை என்னுடையது.

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன், எனக்கே விளங்கட்டும். எங்கள் வெப்சைட்டில் ஒரு படிவம். அதை நிரப்பினால் விபரம் தானாகப் பதிவேட்டுக்குப் போகும். பதிவேடு என்றால் புத்தகம் இல்லை. பெயர், ஊர், போன் நம்பர், கண்ணில் என்ன கோளாறு எல்லாம் வைக்கிற ஒரு மென்பொருள். வெப்சைட்டையும் பதிவேட்டையும் இணைத்தவன் நான்.

படிவத்தில் ஈமெயில் கட்டாயம் என்று வைத்தவனும் நான். இறக்காமத்தில் இடியப்பம் அவிக்கிற மனிசிக்கு ஏது ஈமெயில்? சுபைர் காக்கா தன் கொமியூனிகேஷன் கடை ஈமெயிலையே பதினேழு பேருக்கும் போட்டிருக்கிறார். அவர் மேல் குற்றம் இல்லை. பரீட்சை விண்ணப்பம், பாஸ்போர்ட்டுக்கு நாள் எடுப்பது, எல்லாமே அந்த ஊருக்கு அந்தக் கடை ஈமெயிலில்தான் நடக்கிறது. இங்கே கல்முனையிலும் எத்தனை கடையில் இதே கதைதான். எனக்குத் தெரியாதா? தெரியும். நினைக்கவில்லை.

பதிவேட்டுக்கு ஒரு ஈமெயில் என்றால் ஒரு மனிசர். அதே ஈமெயில் இரண்டாம் தரம் வந்தால், பழைய ஆள் தன் பெயரைத் திருத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளும். அப்படியே ஒருவருக்கு மேல் ஒருவராகப் பதினேழு பேர். கடைசியாக நின்றவர் முகைதீன் பாவா.

ஒவ்வொரு மாற்றமும் வரலாறு என்ற பக்கத்தில் பதிந்திருக்கிறது. அந்தப் பக்கம் முழு அனுமதி உள்ளவருக்கு மட்டும் தெரியும். பதினாறு வரியிலும் என் பெயர்:

பெயர் மாற்றப்பட்டது. மாற்றியவர்: றிஸ்வி.
பெயர் மாற்றப்பட்டது. மாற்றியவர்: றிஸ்வி.

இப்படியே கீழ் வரைக்கும்.

சுலைஹா உம்மா ஒன்பதாவது. 10.52க்கு உள்ளே வந்திருக்கிறார். 11.03க்கு அவர் மேல் இன்னொருவர். எங்கள் பதிவேட்டில் அவர் இருந்தது பதினொரு நிமிஷம்.

பின்னேரம் தலையிடி. தேத்தண்ணி இரண்டு தரம்.


14/10 செவ்வாய்

மழை விட்டது. வெயில் சுள்ளென்று.

இணைப்பு ஏன் என் பெயரில் ஓடுகிறது? அதையும் எழுதிவிட வேண்டும்.

நாங்கள் எடுத்த பதிவேட்டில் முழு அனுமதி மூன்று பேருக்குத்தான். அதற்கு மேல் "பார்க்க மட்டும்" என்ற அனுமதி, எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். வெப்சைட்டும் ஒரு ஆளாகத்தான் பதிவேட்டுக்குள் வர வேண்டும். ஒழுங்கான முறை என்னவென்றால், அந்த மூன்றில் ஓர் இடத்தை வெப்சைட்டுக்கென்று ஒதுக்கி, சேர்க்கலாம், மாற்ற முடியாது என்று கட்டிப்போடுவது. அப்படிச் செய்திருந்தால் அதே ஈமெயில் இரண்டாம் தரம் வரும்போது வாசலிலேயே நின்றிருக்கும், ஒரு மனிசர் வந்து பார்க்கும் வரைக்கும்.

ஓகஸ்ட் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஓர் இடம் வெப்சைட்டுக்கு, ஒன்று ஜெ.க்கு, ஒன்று எனக்கு. உப தலைவர் மாஸ்டர் கேட்டார்: "தலைவருக்கு இல்லாத அனுமதி மெஷினுக்கா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹாஜியாருக்கு ஒன்று, மாஸ்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஜெ.க்குப் பார்க்க மட்டும். மெஷினுக்கு ஒன்றுமில்லை.

ஹாஜியார் இதுவரை ஒரு நாளும் பதிவேட்டைத் திறந்ததில்லை. பாஸ்வேர்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன், சட்டைப் பையில் வைத்தார், சட்டை கழுவப் போனது. மாஸ்டர் ஒரே ஒரு தரம் திறந்தார், தன் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்க்க. பாடசாலை விழாவில் முன்வரிசைக் கதிரைகளில் பேர் ஒட்டி வைப்போமே, ஒருவரும் வராமல் கடைசி வரை வெறுமனே கிடக்கும், பின்னால் உம்மாமார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அனுமதியையும் நாங்கள் அப்படித்தான் பங்கு வைத்தோம்.

கூட்டத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெ.யின் கணக்கை வைத்து இணைத்துப் பார்த்தேன். "போதிய அனுமதி இல்லை." பதினொரு தரம். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் சொந்தக் கணக்கின் சாவியைப் போட்டேன். பச்சை விளக்கு. கை கால் கழுவி வுழூ செய்துகொண்டு சந்தோஷமாகப் பள்ளிவாசலுக்குப் போனேன்.

அதனால் வெப்சைட் செய்த ஒவ்வொரு மாற்றமும் நான் செய்ததாகப் பதிகிறது. சரியாகத்தான் பதிகிறது.

நேற்றுப் பின்னேரம் இன்னொரு வேலையும் செய்தேன். அதை எழுத மனமில்லை.


15/10 புதன்

மகளின் சப்பாத்து கிழிந்துவிட்டது, வாங்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பிரேக். மாஸ்டருக்கு முகாம் போட்டோ அனுப்ப வேண்டும் (அவர் நிற்பது மட்டும்).

ஜெ. நேற்றிலிருந்து என்னைச் சேர் என்கிறாள். இரண்டு வருஷமாக நானா, அண்ணன் முறை. "றிஸ்வி நானா, இது வேலை செய்யுதில்ல", "நானா, சோறு திண்டுட்டீங்களா." நேற்று "சேர், பிரிண்டருக்குப் பேப்பர் இல்ல." முகாமில் ஹாஜியார் எல்லாருக்கும் முன்னால் ஏசியதில் மனம் நொந்திருக்கிறாள் போல.

அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிக்கு முன்னாலுள்ள தேத்தண்ணிக் கடை. பின்மேசையில் இரண்டு பேர். ஒருவர் மீன் வியாபாரி, மற்றவரைத் தெரியாது.

"பதினாறு பேர திருப்பி அனுப்பினதாம்."

"அந்தப் புள்ள வேணுமெண்டுதான் விட்டிரிக்கும். நம்மட ஆக்கள் எண்டா அவங்களுக்கு அப்பிடித்தான்."

"அதான நானும் சொல்ற. எதுக்கு அவங்கள வேலைக்கி எடுக்கிற?"

எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும். நான் சீனி கரைந்துபோன தேத்தண்ணியைத் திரும்பத் திரும்பக் கலக்கினேன். எழும்பும்போது மீன் வியாபாரி ஸலாம் சொன்னார். பதில் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

இந்த ஊரில் இப்படி ஒரு கதை கிளம்பினால் அது ஒரு பிள்ளையோடு நிற்காது. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்துக் கடைக்கு மற்றப் பக்கத்தார் போகாமல் இருந்த மாதங்களும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்பார்கள். இங்கே இரண்டையும் சேர்த்து அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு நான் தேத்தண்ணி குடிக்கிறேன்.


16/10 வியாழன்

தூறல். ஒபிஸ் கூரை ஓர் இடத்தில் ஒழுகுகிறது, வாளி வைத்தாயிற்று.

பத்து மணிக்குச் சுலைஹா உம்மா வந்தார். இரண்டு பஸ் மாறி, படியைத் தடவித் தடவி. இடது கையில் கட்டு. நான் பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். எழும்பிப் போகவில்லை. காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"கையில என்னம்மா?" ஜெ. குரல்.

"இடியப்பத் தட்டு எடுக்கக்க ஆவி அடிச்சிட்டு. மூடி எங்க இரிக்கெண்டு தெரியல்ல மகள். திங்கக்கிழம."

திங்கட்கிழமை. முகாமுக்கு அடுத்த நாள். ஆபரேஷன் ஒரே நாளில் நடந்திருக்காது, தெரியும். அவருடைய முறை வந்திருந்தாலும் அந்தத் திங்கட்கிழமை கண் தெளிந்திருக்காது. இந்தக் கணக்கை இன்றைக்கு நாலு தரம் போட்டுப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் வருகிறது. நிம்மதி மட்டும் வரவில்லை.

"மறுகா எப்ப டொக்டர்மார் வருவாங்க?"

"கேட்டுச் சொல்றன் அம்மா. உங்கட பேரக் கையால எழுதி வெக்கிறன். போன் நம்பர் இரிக்கா?"

"மகன்ட நம்பர் இரிக்கி. நீதானா அந்தப் புள்ள?"

பேனை வைத்த சத்தம் கேட்டது.

"எங்கட ஊருல உன்ன ஏசுறாங்க. நான் ஏசல்ல. நீ வீடு வீடா வந்து செல்லிட்டுப் போனதாலதான் எனக்கு முகாம் எண்டே தெரியும். வேணுமெண்டு பேர விடுற ஆள் ஏன் வந்து செல்லப் போற?"

ஜெ. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண் தெரியாத மனிசிக்குத் தெரிந்தது தேத்தண்ணிக் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தும் நான் எழும்பவில்லை.


17/10 வெள்ளி

குத்பா பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. மின்விசிறி ஒன்று கிரீச்சிட்டது மட்டும் ஞாபகம்.

பள்ளி வாசலில் ஹாஜியார் தோளில் கை போட்டார். "ஞாயித்துக்கிழம கூட்டம். அந்தப் புள்ளட வேல இந்த மாசத்தோட முடியிதுதானே. புதுப்பிக்காம விடுவம். நமக்கும் ஊருக்குள்ள கத ஓயும்."

"அது..." என்றேன்.

"நீங்க கவலப்படாதீங்க, உங்கட வேலக்கி ஒண்டுமில்ல."

மனிசன் என்னை ஆறுதல்படுத்துகிறார்.

பின்னேரம் சபீனாவிடம் சொன்னேன். முழுவதும் இல்லை, முக்கால்வாசி. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாள், நிமிரவில்லை.

"அப்ப அந்தப் புள்ளட பிழ ஒண்டுமில்ல."

"இல்ல."

"அவக்கு வாப்பா இல்லையெண்டுதானே நீங்க அண்டைக்கிச் சொன்ன? தம்பி படிக்கிறான் எண்டும்?"

"ஓம்."

"அப்ப இத கூட்டத்துல செல்லப் போறீங்களா, டயறியிலயே எழுதிட்டு இரிக்கப் போறீங்களா?"

டயறியில் எழுதுகிறேன்.


18/10 சனி

காலையில் சந்தை. கீரி மீன், முருங்கைக்காய், மகளுக்குச் சப்பாத்து (ஓர் அளவு பெரிதாக, வளர்கிற கால்).

எழுத மாட்டேன் என்றதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அந்தப் பதினாறு வரியையும் பார்த்த பிறகு, பதிவேட்டில் என் பெயரை மாற்றினேன். றிஸ்வி என்பதை எடுத்துவிட்டு "வெப்சைட் இணைப்பு" என்று போட்டேன். அரை நிமிஷ வேலை. உடனே வரலாறு முழுவதும் மாறிவிட்டது. மாற்றியவர்: வெப்சைட் இணைப்பு. மாற்றியவர்: வெப்சைட் இணைப்பு. யாராவது ஒரு நாள் திறந்து பார்த்தாலும் அங்கே மனிசன் யாரும் இல்லை.

யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? ஹாஜியாரா, மாஸ்டரா? அந்தப் பக்கத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நான். என்னிடமிருந்து நானே ஒளித்திருக்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்று அதற்கும் மேலே போகப் பார்த்தேன். முகைதீன் பாவாவின் பதிவையே அழித்துவிட்டால் வரலாறும் சேர்ந்து போய்விடும். அழிக்கும் இடத்துக்குப் போனேன். "நிச்சயமா?" என்று கேட்டது. நிச்சயமில்லை. மூடிவிட்டேன். இதற்கு என்னை நானே மெச்சிக்கொள்ளவும் இல்லை.


19/10 ஞாயிறு

ழுஹர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். ஏழு பேர். ரோல்ஸ், நெஸ்கஃபே. ஜெ. கூட்டத்துக்கு வருவதில்லை, அழைப்பதில்லை.

அவளுடைய விஷயம் வந்ததும் எழும்பினேன்.

"அது ஜெனிற்றாட பிழ இல்ல. வெப்சைட்டும் பதிவேடும் இணைச்ச இடத்துல ஒரு பிழ. ஒரே ஈமெயில் வந்தா சிஸ்டம் மேல மேல எழுதியிரிக்கி. பதினேழு பேரும் ஒழுங்காத்தான் பதிஞ்சிரிக்காங்க."

மாஸ்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப மனிசர்ர பிழ இல்ல. மெஷின்ட பிழ."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த இடத்தில், இல்லை மாஸ்டர், மெஷினை அவிழ்த்துவிட்ட மனிசன் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். ரோல்ஸ் தட்டை நீட்டினார்கள், ஒன்று எடுத்தேன்.

ஹாஜியார் முடித்து வைத்தார். "சரி, அந்தப் புள்ள வேலையில இரிக்கட்டும். ஆனா இத ஊருக்குள்ள விளக்கிட்டுத் திரியத் தேவல்ல. நிலையத்துக்குத்தான் குற. கத தானா அடங்கும்."

வேலை தப்பியது. பெயர் தப்பவில்லை. ஆனாலும் பாரம் குறைந்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். சபீனாவிடம் சொல்லிவிட்டேன் என்றேன். "எல்லாத்தையுமா?" என்றாள். "ஓம்" என்றேன்.


20/10 திங்கள்

தீபாவளி லீவு. மழை. மகளின் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டினேன். பகலில் நல்ல நித்திரை, ஒரு கிழமைக்குப் பிறகு.


21/10 செவ்வாய்

வெயிலும் மழையும் மாறி மாறி.

ஜெ. காலையிலேயே வந்திருந்தாள். தன் கணினியைத் திறந்து வைத்து, "சேர், ஒரு நிமிஷம் வந்து பாக்கேலுமா?" என்றாள்.

பதிவேடு. அவளுடைய "பார்க்க மட்டும்" பக்கம். வரலாறு அவளுக்குத் தெரியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பெயர்ப்பட்டியல் தெரியும். ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கும் எதிரே "பொறுப்பாளர்" என்று ஒரு நிரல். அங்கே இவ்வளவு நாளும் என் பெயர் இருந்தது. மேலிருந்து கீழ் வரை, ஆயிரக்கணக்கான வரி. இப்போது மேலிருந்து கீழ் வரை "வெப்சைட் இணைப்பு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். அதுவும் சோறு அவளுடைய தட்டில்.

"எப்ப பாத்த?"

"போன செவ்வாக்கிழம. காலம வந்து திறக்கக்குள்ள உங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்ல. ஞாயிறு முகாம், செவ்வா பேர் இல்ல. ஏன் மாத்தியிருக்கீங்க எண்டு யோசிச்சன். மறுகா விளங்கிற்று."

போன செவ்வாய். சேர் என்று கூப்பிடத் தொடங்கிய நாள்.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"நான் சொன்னா ஆர் சேர் நம்புவாங்க? எனக்குப் பாக்க மட்டும்தானே அனுமதி."

கோபமாகச் சொல்லவில்லை. பிரிண்டருக்குப் பேப்பர் இல்லை என்று சொல்கிற அதே குரல். அதுதான் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் பதில் ஏதாவது வந்திருக்கும்.

கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள், "கூட்டத்தில மெஷின்ட பிழையெண்டு சொன்னீங்களாம். மாஸ்டர் சொன்னார். என்ட வேலைய காப்பாத்தினதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லட்டாம்."

"சொல்லாத" என்றேன்.

"சொல்லல்ல சேர்."


22/10 புதன்

ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு செய்தவை, வரிசையாக:

பதிவேட்டில் பெயரைத் திரும்ப றிஸ்வி என்று மாற்றினேன். பதினாறு வரியும் மறுபடி என் பெயருக்கு வந்தன.

படிவத்தில் ஈமெயில் கட்டாயம் என்பதை எடுத்தேன். ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. ஒரு நிமிஷம்.

ஊர் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். நிலையத்தின் குழு அல்ல, ஊர்க்குழு, அந்தக் கதை சுற்றிக்கொண்டிருந்த அதே இடம். நாலு தரம் பேசி அழித்து ஐந்தாவதை அனுப்பினேன். சொன்னது ஏறத்தாழ இப்படி: "அஸ்ஸலாமு அலைக்கும். நான் றிஸ்வி, கண் நிலையத்துல கொம்பியூட்டர் வேல செய்யிற. இறக்காமத்து ஆக்கள்ட பேர் முகாம்ல இல்லாமப் போனது என்ட பிழ. வெப்சைட்ட இணைக்கக்க குடுக்கக் கூடாத அனுமதியக் குடுத்த. பதினாறு பேர்ர பேரும் அதால அழிஞ்ச. மறுகா அது தெரியக் கூடாதெண்டு என்ட பேரையும் ஒளிச்ச. ஜெனிற்றா அந்த ஊருக்கு வீடு வீடாப் போன புள்ள. பேர் குறையுதெண்டு எனக்கு முதலே சொன்னவ அவ மட்டும்தான். நான் கேக்கல்ல. அவவப் பத்திக் கதச்ச ஆக்கள் என்னப் பத்திக் கதைங்க."

பதில்: முதல் அரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கட்டைவிரல். ஒருவர் "அல்லாஹ் மன்னிப்பான்". ஒருவர் "அப்ப சம்பளம் எதுக்கு?" நியாயமான கேள்வி. ஹாஜியாரின் அழைப்பு நாலு தரம். ஐந்தாவதை எடுத்தேன். இதைத்தான் செய்ய வேண்டாம் என்று சொன்னேனே என்றார். ஓம் ஹாஜியார் என்றேன். நிலையத்தின் மானம் என்றார். அந்தப் புள்ளக்கும் மானம் இரிக்கிதானே ஹாஜியார் என்றேன். போனை வைத்துவிட்டார்.

மாஸ்டரிடம் நேரே போய், அவருடைய முழு அனுமதியை வெப்சைட்டுக்குத் தர முடியுமா என்று கேட்டேன், சேர்க்க மட்டும், மாற்ற முடியாதபடி. நீளமாக யோசித்தார். "என்ட பேர் எங்கயும் வராதா?" "நிலையத்து முன்சுவருல வரும் மாஸ்டர், பெரிசா." சம்மதித்தார்.

ஹாஜியாரிடம் இப்போதைக்குக் கேட்க முடியாது. ஆகவே என் இடத்தை ஜெ.க்குக் கொடுத்தேன். அவளுக்கு முழு அனுமதி. எனக்குப் பார்க்க மட்டும்.

அவள் உள்ளே வந்ததும் முதலில் வரலாற்றைத்தான் திறந்தாள். பதினாறு வரியையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். பிறகு டொக்டர்மாரின் ஆளுக்கு போன் எடுத்தாள். டிசம்பரில் வருவார்களாம், இறக்காமத்து ஆட்களை முதலில் பார்ப்பார்களாம். எல்லாரையும் இரண்டு நாளைக்குள் பதிந்து அனுப்ப வேண்டும்.

சபீனா குரல் பதிவைக் கேட்டுவிட்டாள், அவளுடைய ராத்தா, மூத்தவ, அனுப்பினாவாம். ஞாயிறு ஓம் என்றதற்கு இன்று ஒன்றும் கேட்கவில்லை. சோற்றில் பொரித்த கீரி மீன் இரண்டு துண்டு கூட இருந்தது.


23/10 வியாழன்

நல்ல மழை. இறக்காமத்துக்கு ஜெ.யும் நானும் பஸ்ஸில், தனித்தனி சீற்றில். வயல் எல்லாம் விதைப்புக்கு உழுது கிடக்கிறது. போன கிழமை ஆனை வந்த வேலியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுபைர் காக்கா கடையில் கதிரை போட்டுத் தந்தார். "நான் என்ன தம்பி பிழ செய்த, என்ட ஈமெயில்தானே போட்ட" என்று தன்பாட்டில் வருந்தினார். இல்லை காக்கா என்று மூன்று தரம் சொன்னேன். ஒரு பெடியனை அனுப்பாமல் தானே குடையைப் பிடித்துக்கொண்டு போய் ஆட்களைக் கூட்டி வந்தார். பதினைந்து பேர் வந்தார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் கை தந்தார். ஜெ. ஒவ்வொருவராகப் பதிந்தாள். ஒரு பெயருக்கு ஒரு பதிவு.

சுலைஹா உம்மாவின் கைப்புண் பழுத்து அவரால் வெளியே வர முடியவில்லை என்றார்கள். நாங்களே போனோம். அடுப்படித் தாழ்வாரத்தில் இருந்தார், கூரை ஓரம் தண்ணீர் கொட்டியது. இடியப்பத் தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. பத்து நாளாக அவிக்கவில்லையாம்.

பக்கத்தில் குந்தினேன். "உம்மா, அண்டைக்கி முகாம்ல நீங்க சொன்னது சரி. பேர் பதிஞ்சிருந்த. நான்தான் அழிச்ச. தெரியாமச் செய்த. தெரிஞ்ச பிறகு ஒளிச்ச."

முகத்தை என் பக்கம் திருப்பினார். கண்ணால் அல்ல, காதால்.

"கொம்பியூட்டர் பொய் சொல்லாதெண்டு சொன்ன மகன்தானே நீங்க?"

"ஓம் உம்மா."

"குரல் மறக்கல்ல."

மன்னிப்பு நான் கேட்டேனா, இல்லையா? இப்போது ஞாபகமில்லை. கேட்டிருப்பேன். அவர் கவிழ்த்த தட்டொன்றைத் தடவி நேராக்கினார்.

பழக்க தோஷத்தில் போனை எடுத்துப் பதிவேட்டைத் திறந்தேன். "முழுப் பேர் சொல்லுங்க உம்மா."

கட்டுப் போட்ட கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மற்றக் கையால் ஜெ.யைத் தடவித் தேடினார்.

"நீங்க வேணா மகன். அந்தப் புள்ள எழுதட்டும்."

ஜெ. எழுதினாள். அவள் போனில் தண்ணீர் படாமல் நான் குடை பிடித்தேன்.